‘என்னோடிரும்’ பாட்டைச் சவப்பெட்டியோடு சேர்த்து மூடாதீர்கள்: சேகரக் கமிட்டிக்கு ஒரு திறந்த மடல்

சேகர குருவானவர் அவர்களுக்கும், கமிட்டி அங்கத்தினர்களுக்கும், ஆராதனைக் குழுவினருக்கும்,

போன மாதம் கடைசி ஞாயிறு, காலை ஆராதனையில், வண்டி நிறுத்தும் இடம் பற்றிய அறிவிப்புக்கும் பெண்கள் ஐக்கியக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்ட அறிவிப்புக்கும் நடுவே ஒரு தீர்மானத்தை வாசித்தீர்கள். ‘என்னோடிரும், மா நேச கர்த்தரே’ என்ற பாமாலை, ஆங்கிலத்தில் ‘அபைட் வித் மீ’, இனி மாலை ஆராதனையில் பாடப்படாது. அடக்க ஆராதனைக்கும் கல்லறைத் தோட்டத்துக்கும் மட்டுமே. அங்கேயும் நேரம் கருதி மூன்று கவிகள், அதாவது பாட்டின் மூன்று பத்திகள்தான். காரணம் இரண்டு சொன்னீர்கள். அது துக்கப் பாட்டு, அதனால் வாலிபர்கள் மாலை ஆராதனைக்கு வரத் தயங்குகிறார்கள் என்பது ஒன்று. எழுதியவரே மரணப் படுக்கையில் எழுதிய பாட்டு என்பது மற்றொன்று.

கமிட்டியில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை என்று கேள்விப்பட்டேன். நான் கமிட்டியில் இல்லை. பாடகர் குழுவில் ஆல்டோ பாடியவள், ஞாயிறு பள்ளியில் கற்றுக்கொடுத்தவள். அங்கே யாரும் பேசாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் வேதத்துக்குப் போவோம், பாட்டு அங்கிருந்துதானே வந்தது. லூக்கா 24-ஆம் அதிகாரம். இயேசு உயிர்த்தெழுந்த அதே நாள். கிலெயோபாவும் பெயர் சொல்லப்படாத இன்னொருவரும் எருசலேமிலிருந்து ஏழெட்டு மைல் தூரத்திலிருந்த எம்மாவுக்கு நடக்கிறார்கள். மூன்றாவதாக ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். யாரென்று தெரியவில்லை. வழி நெடுக வேதவாக்கியங்களை விவரிக்கிறார். கிராமம் நெருங்கியதும் ‘அவர் அப்புறம் போகிறவர்போலக் காண்பித்தார்’ என்கிறது 28-ஆம் வசனம். அடுத்த வசனம்தான் நம் பாட்டின் வேர்: ‘நீர் எங்களுடனே தங்கியிரும், சாயங்காலமாயிற்று, பொழுதும் போயிற்று, என்று அவரை வருந்திக் கேட்டுக்கொண்டார்கள். அப்பொழுது அவர் உள்ளே போய், அவர்களுடனே தங்கினார்.’

இதில் எங்கே சாவு இருக்கிறது? இது ஈஸ்டர் சாயங்காலம். மரித்தவர் எழுந்து வந்து சாலையில் நடக்கிற நாள். அந்த வேண்டுதலுக்குப் பின் நடந்ததையும் பாருங்கள். பந்தியில் அப்பத்தைப் பிட்டுக் கொடுக்கிறார், கண்கள் திறக்கின்றன, அவர் மறைந்துபோகிறார். ‘நம்முடைய இருதயம் நமக்குள்ளே கொழுந்துவிட்டு எரியவில்லையா’ என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். பொழுது போயிற்று என்று சொன்ன அதே இரண்டு பேரும் அந்நேரமே எழுந்து, வந்த தூரத்தை மறுபடியும் நடந்து எருசலேமுக்குத் திரும்புகிறார்கள், இருட்டில். துக்கத்தோடு வந்தவர்கள் செய்தியோடு போகிறார்கள். இந்த அதிகாரத்தில் வேர்விட்ட பாட்டுக்குத்தான் ‘துக்கப் பாட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறீர்கள்.

28-ஆம் வசனத்தில் நான் எப்போதும் கொஞ்சம் நின்றுவிடுவேன். அவர் அப்புறம் போகிறவராகத்தான் காண்பித்தார். வருந்திக் கேட்டதால் உள்ளே வந்தார். கேட்காமல் இருந்திருந்தால்? வேதம் அதைச் சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டுக்காரர்கள் கேட்டது பொழுது இன்னும் முழுதாகப் போகுமுன். கேட்டபோது வந்திருப்பவர் யாரென்றுகூட அவர்களுக்குத் தெரியாது.

எழுதியவர் விஷயத்துக்கு வருகிறேன். ஹென்றி பிரான்சிஸ் லைட், 1793-இல் ஸ்காட்லாந்தின் எட்னாம் கிராமத்தில் பிறந்தவர், டப்ளினில் படித்தவர். இங்கிலாந்தின் டெவன் கரையில் பிரிக்ஸ்ஹாம் என்ற மீன்பிடித் துறைமுகத்தில் பல வருஷம் குருவாக இருந்தார். அவருடைய சபையார் பெரும்பாலும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். நம் கடற்கரைச் சேகரங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: கடலுக்குப் போனவர் இருட்டுமுன் கரை சேர்ந்தாரா என்பது அந்த வீட்டில் தினமும் கேட்கப்படுகிற கேள்வி.

அவருக்கு நுரையீரல் நோய். 1847 செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு ஞாயிறு, சபையாருக்குக் கடைசிப் பிரசங்கம் செய்து, திருவிருந்து கொடுத்தார். அன்று சாயங்காலம் இந்தப் பாட்டைத் தானே போட்ட ஒரு ராகத்தோடு வீட்டாரில் ஒருவர் கையில் கொடுத்தார் என்பது குடும்பத்தார் சொன்ன வரலாறு. பிறகு வெப்பமான தெற்குத் தேசங்களை நோக்கிப் புறப்பட்டு, நவம்பர் 20 அன்று இன்றைய பிரான்ஸ் கரையின் நீஸ் நகரில் காலமானார். அங்கேயே அடக்கம். இன்னொரு வரலாறும் உண்டு. 1820 வாக்கில் அயர்லாந்தில் ஒரு நண்பர் சாகக் கிடந்தபோது லைட் பக்கத்தில் இருந்தார், அந்த நண்பர் ‘என்னோடிரும்’ என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார், அதிலிருந்து பிறந்த பாட்டு என்பார்கள். இரண்டில் எது சரி என்று ஆராய்ச்சிக்காரர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

நீங்கள் வாலிபர் கூட்டத்தில் திரையில் போட்ட கதை இந்த இரண்டில் எதுவும் இல்லை. படுக்கையில் கிடந்து, பேச்சு மூச்சில்லாமல், கடைசி நிமிஷத்தில் எழுதினாராம். எழுந்து நின்று பிரசங்கம் செய்து, தம் கையால் அப்பத்தைப் பிட்டுக் கொடுத்த மனுஷனை இப்படிப் படுக்கவைத்துவிட்டீர்கள். எம்மாவில் அப்பம் பிட்ட பந்தி, பிரிக்ஸ்ஹாமில் அப்பம் பிட்ட பந்தி. பிரசங்கத்துக்கு இதைவிட நல்ல பொருத்தம் எங்கே கிடைக்கும்? அதை விட்டுவிட்டு யாரோ வாட்சப்பில் அனுப்பியதைத் திரையில் ஏற்றினீர்கள்.

உங்கள் பக்கத்துக்கு வலுவான சாட்சி ஒருவர் இருக்கிறார். நீங்கள் அவரைக் கொண்டுவரவில்லை, நானே கொண்டுவருகிறேன். ஜான் எல்லர்ட்டன், 19-ஆம் நூற்றாண்டின் பெரிய பாடலாசிரியர், மாலைப் பாடல்களில் கைதேர்ந்தவர். லைட்டின் பாட்டை மாலைப் பாட்டு என்று ஜனங்கள் எடுத்துக்கொண்டதே தவறு என்று எழுதியிருக்கிறார். அதில் சொல்லப்படும் சாயங்காலம் நாளின் சாயங்காலம் அல்ல, ஆயுசின் சாயங்காலம். ஆகவே அடக்கத்துக்கே அதிகம் பொருந்தும் என்பது அவர் வாதம். முதல் பாதியை நான் முழுவதும் ஒத்துக்கொள்கிறேன். லைட் லூக்காவின் வசனத்தை எடுத்து, ‘எங்களுடனே’ என்றிருந்ததை ஒரு தனி ஆத்துமாவின் வாயில் வைத்து, தன் முடிவை நினைத்துத்தான் பாடியிருக்கிறார்.

ஆனால் ‘ஆகவே’ என்ற இடத்தில்தான் எல்லர்ட்டனும் தவறினார், நம் கமிட்டியும் தவறுகிறது. கவிக்குக் கவி அது ‘நான்’, ‘என்’ என்றுதான் போகிறது. என் ஆயுசு, என் பாதை, என் இன்ப துன்பம், நான் சாகும் நேரம். சாகப்போகிற ஒருவர், இன்னும் உயிரும் குரலும் இருக்கும்போதே, முன்கூட்டிக் கேட்கிற ஜெபம் இது. அடக்க ஆராதனையில் யாருடைய சாவைப் பற்றிப் பாடுகிறோமோ அவர் பெட்டிக்குள் இருக்கிறார். அவரால் கேட்க முடியாது, பாடவும் முடியாது. இந்தப் பாட்டை அடக்கத்துக்கு மட்டும் என்று ஒதுக்கினால், அதைச் சொல்லியிருக்க வேண்டியவருக்கு அதைச் சொல்லும் வாய்ப்பே கிடைக்காமல் போகும். மாலை ஆராதனையிலிருந்து எடுப்பதில் எனக்குள்ள ஆட்சேபணை முழுக்க இதுதான்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் இந்தப் பாட்டு குடும்ப ஜெபப் பாட்டு. கரண்ட் போன நாட்களில் புத்தகம் தேவைப்படாத பாட்டு இது ஒன்றுதான், அதனால் அரிக்கேன் விளக்கைச் சுற்றி உட்கார்ந்து இதையே பாடுவோம். அப்பா இரவு ஷிப்டுக்குக் கிளம்பும்போது அம்மா அடுப்படியிலிருந்து முதல் கவியை முணுமுணுப்பாள். யாரும் அதைத் துக்கம் என்று நினைத்ததில்லை. பின்னாளில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவள் பக்கத்துக் கட்டிலில் உசிலம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருவர், நெற்றி நிறையத் திருநீறு. நாங்கள் இரண்டு பேரும் தாழ்ந்த குரலில் பாடுவதை ஓரிரு நாள் கேட்டுவிட்டு, விளக்கு போடுகிற நேரம் ஆனதும் அவரே கூப்பிடுவார்: “ஏத்தா, அந்தச் சாயங்காலப் பாட்டப் பாடுங்களேன், மனசு கொஞ்சம் அடங்குது.” பைபிளைத் தொட்டுப் பார்த்திராதவர். அவருக்குத் தெரிந்தது சாயங்காலப் பாட்டு, நம் கமிட்டிக்குத் தெரிவது இழவுப் பாட்டு.

அம்மாவுக்குப் பேச்சு நின்றபிறகு நான் தனியாகப் பாடினேன். அவள் உதடு முதல் வரிக்கு அசைந்தது. வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லிப் பதிந்திருந்ததால்தான் அசைந்தது. அடக்கத்துக்கு மட்டும் என்று ஒதுக்கிய பாட்டு எந்த உதட்டில் பதியும்?

இங்கிலாந்து நர்ஸ் எடித் கேவலை நினைத்துக்கொள்கிறேன். முதல் உலகப்போரில், 1915 அக்டோபரில், நேச நாட்டுச் சிப்பாய்கள் தப்பிக்க உதவியதற்காக ஜெர்மானியர் பிரஸ்ஸல்ஸில் அவரைச் சுட்டுக்கொன்றார்கள். முந்தின இரவு சிறை அறையில் திருவிருந்து கொடுக்க வந்த குருவானவர் ஸ்டர்லிங் கேகன் இந்தப் பாட்டின் வரிகளை மெல்லச் சொல்ல, அவரும் சேர்ந்து சொன்னார். விடிந்தால் சாவு என்று தெரிந்தவருக்கு அந்த வரிகள் வாயில் இருந்தன. எங்கே கற்றிருப்பார்? சாதாரண ஆராதனைகளில்தான்.

மூன்று கவி விஷயத்தைச் சும்மா விட முடியாது. திரையில் நீங்கள் எதை வைத்து எதை எடுத்திருக்கிறீர்கள் என்று பார்த்தேன். நீர்மேல் குமிழிபோல ஆயுசு நீங்கிவிடும் என்ற கவி இருக்கிறது. ‘சாவே, எங்கே உன் கூரும் ஜெயமும்?’ என்று கேட்கிற கவி இல்லை. காரணம் கேட்டதற்கு, ‘சாவு’ என்ற வார்த்தை திரையில் பெரிதாகத் தெரிகிறது என்று ஆராதனைக் குழுவைச் சேர்ந்த தம்பி ஒருவர் சொன்னார். தம்பி, அது 1 கொரிந்தியர் 15:55. ‘மரணமே! உன் கூர் எங்கே? பாதாளமே! உன் ஜெயம் எங்கே?’ சாவைப் பார்த்து நையாண்டி செய்கிற வசனம். பாட்டிலேயே தைரியமான கவியை வெட்டிவிட்டு, வாடிப்போகிற கவியை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ரொம்பத் துக்கமாக இருக்கிறது’ என்றால் யார் பொறுப்பு?

அதே கவியில் ‘நான் அஞ்சிடேன் நீர் கூடத் தங்கினால்’ என்பது 23-ஆம் சங்கீதம், மரண இருளின் பள்ளத்தாக்கு. குமிழிக் கவியின் முடிவில் வரும் ‘மாறாத கர்த்தர்’ மல்கியா 3:6. இன்னொன்று, நம்மவர்களில் பலர் கவனிக்காதது. லைட் எழுதியது எட்டுக் கவிகள். ஆங்கிலச் சபைகளில் பெரும்பாலும் ஐந்துதான் பாடுகிறார்கள். ராஜாதி ராஜாவாகப் பயமுறுத்த வராமல், செட்டைகளில் ஆரோக்கியத்தோடு தயவாக வாரும் என்று மல்கியா 4:2-ஐ வைத்து அவர் எழுதிய கவி அங்கே விடுபட்டுப் போனவற்றில் ஒன்று. நம் பாமாலையில் அது இருக்கிறது: ‘நியாயம் தீர்ப்போராக என்னண்டை வராமல்’ என்று ஆரம்பிக்கிற கவி. வெள்ளைக்காரர்கள் கைவிட்டதை நம் முன்னோர் காப்பாற்றி வைத்தார்கள். நீங்கள் அதையும் ‘நேரம் கருதி’ எடுத்திருக்கிறீர்கள். அதைப் பாட ஒரு நிமிஷம் ஆகுமா? அறிவிப்புகளை எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள் என்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

வாலிபர்கள் ஓடுகிறார்கள் என்ற காரணத்தில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இந்த ராகத்தை அமரர் ஊர்தியின் ஒலிபெருக்கியிலும், தெருவில் போகிற பேண்டு வாத்தியத்திலும் மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அது சாவு வாசனை அடிப்பது இயற்கை. ஆனால் அது பாட்டின் குற்றமா? மாலை ஆராதனையிலேயே வர வரக் குறைத்து, குடும்ப ஜெபத்தைக் கைவிட்டு, கடைசியில் பேண்டுக்காரரிடம் மட்டும் விட்டது நாம். ஞாயிறு பள்ளியில் எம்மாவு கதையைச் சொல்லி, பாட்டை நடுவில் வைத்து நான் கற்றுக்கொடுத்த பிள்ளைகள் பயந்ததில்லை. ‘ஏன் டீச்சர் அவர் போகிற மாதிரி நடிச்சார்?’ என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. கமிட்டியில் யாராவது கேட்டிருந்தால் இந்தத் தீர்மானம் வந்திருக்காது.

சாவு வாசனை என்பது எல்லா ஊரிலும் இல்லை என்பதற்கு ஒன்றே சொல்கிறேன். இங்கிலாந்தில் எஃப்.ஏ. கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்துக்கு முன் மைதானமே நின்று இதைப் பாடுகிறது. 1927-இல் ஆரம்பித்த வழக்கம். பந்து விளையாடப் போகிறவர்கள் யாரும் செத்துப்போவதாக நினைப்பதில்லை.

லைட்டையும் சாவுக் கவிஞர் ஆக்கிவிடாதீர்கள். 103-ஆம் சங்கீதத்தைத் தழுவி 1834-இல் அவர் வெளியிட்ட துதிப் பாட்டு, எலிசபெத் இளவரசியின் கல்யாணத்தில் பாடப்பட்டது. அந்தக் கல்யாணம் 1947 நவம்பர் 20. லைட் இறந்து சரியாக நூறு வருஷம். தேதியைப் பார்த்து வைத்தார்களோ இல்லையோ, எனக்கு அதில் ஒரு சந்தோஷம்.

ராகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. லைட்டின் சொந்த ராகம் நிலைக்கவில்லை. நாம் பாடுவது வில்லியம் ஹென்றி மங்க் 1861-இல் ஒரு புதிய பாட்டுப் புத்தகத்துக்காகப் போட்டது. அதற்கு அவர் வைத்த பெயரே ‘ஈவென்டைட்’, சாயங்கால வேளை. மாலை ஆராதனை முடிந்து ஜனங்கள் வெளியே போகும்போது வாசிக்கவும் கூடாது என்று நம் ஆர்கன் வாசிப்பவருக்கும் சொல்லியிருக்கிறீர்கள். சாயங்கால வேளை என்று பெயருள்ள ராகத்துக்குச் சாயங்காலத்தில் தடை.

கடைசியாக, உங்களில் சிலர் மறந்திருக்கக்கூடிய ஒன்று. குடியரசு தின விழாக்களை முடித்துவைக்கிற ஜனவரி 29 படைப் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில், டெல்லி விஜய் சௌக்கில், வருஷந்தோறும் இந்த ராகம் ஒலித்தது. காந்தியடிகளுக்குப் பிடித்த பாட்டு என்பதால் அதற்கு ஒரு தனி மரியாதை. 2022-இல் அதைப் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அன்று நம் ஆலயத்தில் எத்தனை பேர் வருத்தப்பட்டோம்! பீடத்திலிருந்தே அதைப் பற்றிப் பேசப்பட்டது. ‘நம் பாட்டை எடுத்துவிட்டார்கள்’ என்றோம். எடுத்தது அரசாங்கம் என்றால் வருத்தம், நாமே எடுத்தால் ‘வாலிபர் நலன்’ என்பது எனக்குப் புரியவில்லை.

நான் கேட்பது இவைதான். வரும் கமிட்டிக் கூட்டத்தில் அந்தத் தீர்மானத்தை ரத்து செய்து, அதே அறிவிப்பு நேரத்தில் அதையும் வாசியுங்கள். மாதத்தில் ஒரு மாலை ஆராதனையிலாவது இந்தப் பாமாலை எல்லாக் கவிகளோடும் பாடப்பட வேண்டும். ஈஸ்டர் ஞாயிறு மாலை லூக்கா 24 வாசித்தபின் கட்டாயம் பாடப்பட வேண்டும், அதுதான் அதன் பிறந்தநாள். அடக்க ஆராதனையில் பாடும்போது ‘சாவே, எங்கே’ கவியை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். நேரம் போதவில்லையென்றால் வேறெதையாவது சுருக்குங்கள். திரையில் போடும் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுதியவர் பெயரும் ஆதார வசனமும் சேர்க்க வேண்டும். புத்தகத்தில் இருப்பதைத் திரைக்கு மாற்றுகிறபோது யாருக்கும் கை வலித்துவிடாது. வாலிபர் கூட்டத்தில் காட்டிய மரணப் படுக்கைக் கதையைத் திருத்தி, பிரிக்ஸ்ஹாம் ஞாயிறையும் அயர்லாந்து நண்பரையும் இரண்டையுமே சொல்லுங்கள். விருப்பமானால் அந்த வகுப்பை நானே எடுக்கிறேன். ஆர்கன் வாசிப்பவருக்குப் போட்ட தடையை இந்த ஞாயிறே நீக்கிவிடுங்கள், அதற்குக் கமிட்டி கூட வேண்டியதில்லை.

மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தாருங்கள், சபை நோட்டீஸ் போர்டிலும் ஒட்டுங்கள். உங்கள் பதிலுக்குக் கீழே என்னுடைய பதிலையும் ஒட்ட இடம் விடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நம் சபையின் முன்னாள் ஆல்டோ